‘தி பேர்ட்ஸ்’ படத்தில் பறவைகள் ஏன் தாக்குகின்றன?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ (1963) பார்த்தீர்கள், பறவைகள் ஏன் மனிதர்கள்மேல் பாய்கின்றன என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. விஷம் ஏறிய பறவைகளைப் பற்றிய உண்மைச் சம்பவம்தான் படமானது என்று எங்கோ படித்தீர்கள். அப்படியானால் அதுதான் பதிலா, இல்லை கதையை முடிக்கத் தெரியாமல் விட்டுவிட்டார்களா? என் காதுக்கு இதற்கு அடியில் வேறொரு கேள்வியும் கேட்கிறது. ‘எல்லோருக்கும் புரிந்த ஏதோ ஒன்றை நான் மட்டும் கவனிக்காமல் விட்டேனா’ என்பது அது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. படத்துக்குள் ஒளித்துவைத்த விடை எதுவும் கிடையாது. ஒவ்வொரு விடையாக எடுத்து நம் கண்முன்னே வைத்துவிட்டு, அதைத் தட்டிவிடுவதுதான் படத்தின் வேலையே.

என் தொழில் சினிமாவில் ஒலி. படத்தொகுப்பு அறையிலும் மிக்ஸிங் அறையிலும் பல வருடம் உட்கார்ந்தவன், மாணவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்துக் காட்டுபவன். அதனால் பறவையியலைவிடப் படம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதில்தான் என் பேச்சு அதிகம் போகும். ஆனாலும் அந்த உண்மைச் சம்பவத்திலிருந்தே தொடங்குகிறேன். அதைச் சுற்றித்தான் குழப்பம் அதிகம்.

1961 ஆகஸ்ட் 18. கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடா ஓரம், சாண்டா குரூஸ், கேப்பிடோலா பகுதி. விடியற்காலை இருட்டில் ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் வீடுகள்மேலும் தெருவிளக்குகள்மேலும் மோதி விழுந்தன. அவை சூட்டி ஷியர்வாட்டர் என்ற கரும்பழுப்பு நிறப் பறவைகள். பாதி செரித்த மீனைக் கக்கியபடி தெருவெங்கும் கிடந்தன. ‘சாண்டா குரூஸ் சென்டினல்’ நாளிதழ் இதைப் பெரிய செய்தியாகப் போட்டது. ஹிட்ச்காக் தொலைபேசியில் அழைத்து அந்த இதழின் பிரதி ஒன்றைக் கேட்டார் என்பதையும் அதே நாளிதழ் எழுதியது. சாண்டா குரூஸ் மலைப்பகுதியில் அவருக்கு வீடும் இருந்தது. இதுவரை சந்தேகத்துக்கு இடமில்லை.

அன்று ஊரில் சொன்ன காரணம் மூடுபனி. பறவைகள் வழிதவறி, வெளிச்சத்தைப் பார்த்து வந்துவிட்டன என்றார்கள். முப்பது வருடம் கழித்து, 1991ல், அதே வளைகுடாவில் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் தள்ளாடிச் செத்தபோதுதான் வேறொரு காரணம் தெரியவந்தது. சூடோ-நிட்ஷியா என்ற நுண்பாசி டொமோயிக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. பாசியை நெத்திலி மீன் தின்கிறது, நெத்திலியைப் பறவை தின்கிறது. மூளையில் நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் குளூட்டமேட்டைப் போலவே இந்த அமிலம் நடிப்பதால், செல்கள் அளவுக்குமீறித் தூண்டப்பட்டுக் கெட்டுப்போகின்றன. திசை தெரியாமல் போகிறது, வலிப்பு வருகிறது. 1987ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இதே நஞ்சால்தான் நோயுற்றார்கள். சிலர் இறந்தார்கள், சிலருக்கு நினைவு தப்பியது.

சரி, 1961ல் நடந்ததும் இதுதானா? 2012ல் ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் சிபெல் பார்குவும் அவர் குழுவும் எழுதியது இதைப் பற்றித்தான். அந்தக் கோடையில் மான்டரே வளைகுடாவில் பிடித்துச் சேமித்து வைத்திருந்த விலங்கு மிதவை உயிரிகளின் வயிற்றைச் சோதித்தார்கள். அவை தின்றிருந்த பாசியில் 79 சதவீதம் நஞ்சு உண்டாக்கும் வகை. வலுவான ஆதாரம்தான், ஆனால் சுற்றுவழி ஆதாரம். பாசி இருந்தது நிச்சயம். பறவைகள் விழுந்ததும் நிச்சயம். இது அதனால் என்பது மிகவும் நம்பத்தகுந்த ஊகம். அந்தப் பாசி ஏன் அவ்வளவு பெருகியது என்பதற்கு, கரையோரம் வேகமாக முளைத்த வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிக் கசிவு ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் சொல்லப்பட்டது. அது இன்னும் தளர்வான ஊகம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாண்டா குரூஸ் பறவைகள் யாரையும் தாக்கவில்லை. அவை நோயாளிகள். திசை கெட்டு, வெளிச்சத்தை நோக்கி விழுந்தவை. படத்தில் வருபவையோ தெளிவாக இருக்கின்றன. கூடுகின்றன, காத்திருக்கின்றன, குறிவைத்து இறங்குகின்றன, பிறகு காரணமே இல்லாமல் நிறுத்திக்கொள்கின்றன. நஞ்சு ஏறிய எந்தப் பறவையும் பள்ளிக்கூட விளையாட்டுக் கம்பிகளில் பொறுமையாக வரிசை கட்டி உட்காராது. ஆக, அந்தச் சம்பவம் படத்தின் பறவைகளை விளக்கவே விளக்காது.

‘உண்மைக் கதை’ என்பதும் சரியில்லை. படத்தின் மூலம் டாஃப்னி டு மாரியே எழுதி 1952ல் வெளியான சிறுகதை. சாண்டா குரூஸுக்கு ஒன்பது வருடம் முந்தியது. கதை நடப்பது இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில். போரில் காயம்பட்ட நாட் ஹாக்கன் என்ற பண்ணைத் தொழிலாளி தன் மனைவியையும் பிள்ளைகளையும் ஒரு சிறிய வீட்டுக்குள் காப்பாற்றப் பார்க்கிறான். சன்னலுக்குப் பலகை அடிக்கிறான், வானொலி அடங்கிப்போகிறது. கடல் ஏற்றத்தோடு தாக்குதல் வருகிறது, வற்றும்போது ஓய்கிறது. விமானக் குண்டுவீச்சைத் தாங்கிய தலைமுறையின் பயம் அது. அந்தக் கதையிலேயே ஊர்க்காரர்கள் ‘ரஷ்யாக்காரன்தான் பறவைகளுக்கு விஷம் வைத்துவிட்டான்’ என்று பேசிக்கொள்கிறார்கள். விஷம் என்ற விளக்கம் 1952லேயே வதந்தியாகக் கதைக்குள் வந்து, யாரும் பொருட்படுத்தாமல் போய்விட்டது, பாருங்கள்.

ஹிட்ச்காக் அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டது பறவைகள் தாக்கும் என்ற கருவையும் வீட்டுக்குள் அடைபடுவதையும்தான். ஆட்கள், ஊர், காதல், தாய் எல்லாம் திரைக்கதை எழுதிய ஈவன் ஹண்டரும் அவரும் சேர்ந்து புதிதாக உண்டாக்கியவை. சான் ஃபிரான்சிஸ்கோ பணக்காரப் பெண் மெலனி, வக்கீல் மிட்ச்சைச் சீண்டுவதற்காக ஒரு ஜோடி லவ்பேர்ட்ஸை எடுத்துக்கொண்டு போடேகா பே என்ற மீனவ ஊருக்குப் போகிறாள். ஏறக்குறைய 25 நிமிடம் வரை இது லேசான காதல் படம். அப்புறம் படகில் போகும் மெலனியின் நெற்றியில் சீகல் என்ற கடற்பறவை ஒன்று கொத்திவிட்டுப் போகிறது.

இனி விளக்கங்களுக்கு என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். முதல் இரவு, பள்ளி ஆசிரியை ஆனியின் வாசற்கதவில் ஒரு சீகல் மோதிச் சாகிறது. இருட்டில் வழி தெரியாமல் வந்திருக்கும் என்கிறாள் ஆனி. இருட்டே இல்லையே, முழுநிலவு காய்கிறதே என்கிறாள் மெலனி. மூடுபனி விளக்கம் அங்கேயே போயிற்று. மிட்ச்சின் தாய் லிடியாவின் கோழிகள் தீவனம் தின்ன மறுக்கின்றன. தீவனம் கெட்டுவிட்டது என்று விற்றவரிடம் சண்டை பிடிக்கிறாள். பக்கத்துப் பண்ணை டான் ஃபாசெட்டின் கோழிகளும் தின்னவில்லை, ஆனால் அவர் வாங்குவது வேறு கம்பெனித் தீவனம் என்று பதில் வருகிறது. நீங்கள் கேட்ட விஷம் என்ற விடை படத்திலேயே வந்து, ஒரு தொலைபேசி உரையாடலில் கழிந்துவிடுகிறது. அந்தக் காட்சியைப் பலரும் சும்மா வீட்டுப் பேச்சு என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். புகைபோக்கி வழியாகச் சிட்டுகள் கொட்டிய பிறகு வரும் போலீஸ்காரர், வெளிச்சத்தைப் பார்த்து மிரண்டுவிட்டன என்கிறார். வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்த்தாலே அது எடுபடவில்லை என்று தெரியும்.

இதெல்லாம் மொத்தமாக வந்து சேரும் இடம் அந்த உணவக விவாதம். என்னைக் கேட்டால் படத்தின் ஆகச்சிறந்த காட்சி அதுதான். அதில் ஒரு பறவைகூடத் தாக்குவதில்லை. பறவையியல் படித்த மூதாட்டி மிஸஸ் பண்டி, பறவைகளுக்குத் திட்டமிட மூளை போதாது, வெவ்வேறு இனங்கள் ஒன்றுசேரவே சேராது என்கிறார். ஒரு பயணி சாண்டா குரூஸில் போன வருடம் நடந்ததைச் சொல்கிறார். ஆமாம், 1961 சம்பவம் படத்துக்குள்ளேயே பெயரோடு வருகிறது. உடனே மிஸஸ் பண்டி, அவை மூடுபனியில் வழிதவறியவை என்று முடித்துவைக்கிறார். குடிகாரர் ஒருவர் உலகம் அழியப்போகிறது என்று கத்துகிறார். நடுவில் பரிமாறும் பெண் சமையலறையைப் பார்த்து மூன்று பிளேட் பொரித்த கோழிக்கு ஆர்டர் குரல் கொடுக்கிறாள்! அடுத்த தாக்குதல் முடிந்ததும் மிஸஸ் பண்டி பேச்சற்றுத் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். இரண்டு குழந்தைகளோடு வந்த ஒரு தாய் மெலனியைப் பார்த்து, நீ வந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது, நீதான் தீமை என்று அலறுகிறாள். மெலனி அவளை அறைந்துவிடுகிறாள். விஞ்ஞானம், வேதம், வதந்தி, கடைசியில் வந்தவள்மேல் பழி என்று மனிதர்கள் காரணம் தேடும் எல்லா வழியும் கால் மணி நேரத்துக்குள் வந்துபோகிறது. எதற்கும் படம் தலையாட்டவில்லை.

சிறு குறுக்கீடு. மிஸஸ் பண்டி சொல்வது அப்படியே அறிவியல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல இனப் பறவைகள் சேர்ந்து இரை தேடுவதும், ஒரு கழுகையோ ஆந்தையையோ சேர்ந்து விரட்டுவதும் சாதாரணமாகக் காணக்கூடியது. காகங்கள் தங்களைப் பிடித்த மனிதரின் முகத்தை நினைவில் வைத்து விரட்டும் என்பதை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் குழு முகமூடிகள் போட்டே சோதித்துக் காட்டியது. ஆனால் அதெல்லாம் இரை தேடலும் ஆபத்தை விரட்டலும்தான். ஆளைக் கொல்லும் எண்ணத்தோடு சேருவது அல்ல.

அப்படியானால் படம் எதைக் குறிக்கிறது? இங்கிருந்து நாம் நிற்பது ஊகத்தின் நிலம். தாய் லிடியாவின் பொறாமைதான் பறவை வடிவில் வருகிறது என்று உளப்பகுப்பாய்வு வழியில் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். மகனை நெருங்கும் பெண் வரும்போதெல்லாம் தாக்குதல் வருகிறது என்பது அவர்கள் வாதம். சில காட்சிகளுக்குப் பொருந்தும். ஆனால் மெலனியைப் பார்த்தே இராத டான் ஃபாசெட்டைப் பறவைகள் ஏன் கொல்ல வேண்டும்? அங்கே வாதம் தடுக்குகிறது. இன்னொன்று பனிப்போர், அணுகுண்டு பயம். வானத்திலிருந்து திடீரென்று வரும் அழிவு அந்தக் கால ரசிகருக்கு எதை நினைவுபடுத்தியிருக்கும் என்பதை மறுக்க முடியாது. இயக்குநர் அதை நினைத்தே எடுத்தார் என்பதற்கு அது சான்றாகாது. மூன்றாவது சுற்றுச்சூழல். ரேச்சல் கார்சனின் ‘சைலன்ட் ஸ்பிரிங்’ பூச்சிக்கொல்லிகளால் பறவைகள் சாவதைப் பேசி 1962ல் அமெரிக்காவை உலுக்கியது. அதனால் இது இயற்கையின் பழிவாங்கல் என்கிறார்கள். தேதியைப் பாருங்கள்: படப்பிடிப்பு 1962 மார்ச்சில் தொடங்கியது, கார்சனின் எழுத்து பத்திரிகையில் வரத் தொடங்கியது ஜூனில். திரைக்கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் அந்தப் புத்தகத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கலாம். படம் அதிலிருந்து பிறக்கவில்லை.

ஹிட்ச்காக் தானே என்ன சொன்னார்? பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா ட்ரூஃபோவுடன் 1962ல் நடந்த நீண்ட பேட்டியில், கழுகு போன்ற வேட்டைப் பறவைகளின் கதையாக இருந்தால் எடுத்தே இருக்கமாட்டேன், தினமும் பார்க்கும் சாதாரணப் பறவைகள் என்பதுதான் ஈர்த்தது என்றார். விளம்பரப் படத்தில் மனிதன் பறவைகளுக்குச் செய்த ‘நன்மைகளை’ எல்லாம் கிண்டலாக அடுக்கிவிட்டுச் சமைத்த கோழியின்முன் உட்கார்கிறார். அதை வைத்துப் பழிவாங்கல்தான் பொருள் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. டிக்கெட் விற்கச் சொன்னதை அவ்வளவு நம்ப வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

என் துறைக்கு வருகிறேன். காரணம் இல்லாத பயம் எப்படி இரண்டு மணி நேரம் தாங்குகிறது என்பதற்குப் பாதி விடை ஒலியில் இருக்கிறது. இந்தப் படத்துக்குப் பின்னணி இசையே கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? முதல்முறை பார்ப்பவர்களில் பலர் கவனிப்பதில்லை. மெலனி பியானோவில் வாசிக்கும் டெபுசியின் இசை, பள்ளிக்குழந்தைகளின் பாட்டு என்று கதைக்குள் ஒலிப்பவை மட்டும்தான். ஹிட்ச்காக்கின் வழக்கமான இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் பெயர் இதில் ஒலி ஆலோசகர் என்று வருகிறது. பறவை ஒலிகளில் பெரும்பகுதியைப் பெர்லினில் ஆஸ்கர் ஸாலா, மிக்ஸ்டர்-டிராட்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் உண்டாக்கினார். ரெமி காஸ்மன் அவரோடு வேலை செய்தார். நிஜப் பறவையின் கத்தல் எப்போதும் ஏதோ ஒன்றைச் சொல்லும்: பசி, பயம், துணைக்கு அழைப்பு. கேட்பவருக்குப் பெயர் தெரியாவிட்டாலும் காது அந்த அர்த்தத்தைப் பிடித்துக்கொள்ளும். கருவி உண்டாக்கிய கத்தலில் அந்த அர்த்தம் இல்லை. பறவையைப் போலவே இருக்கிறது, ஆனால் எதையும் சொல்லவில்லை. திரைக்கதை காரணத்தை எடுத்துவிட்டதுபோல ஒலிப்பதிவும் எடுத்துவிட்டது. இசை இருந்திருந்தால் எப்போது பயப்பட வேண்டும், எப்போது மூச்சுவிடலாம் என்று அது சொல்லிக்கொடுத்திருக்கும். அதுவும் இல்லாததால் நாமும் ஊர்க்காரர்களைப் போலவே தவிக்கிறோம்.

மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது பள்ளிக்கு வெளியே வரும் காட்சி. மெலனி பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறாள். பின்னால் விளையாட்டுக் கம்பிகளில் ஒரு காகம் வந்து உட்காருகிறது. அவளிடம் கட். திரும்பக் கம்பிகள், இன்னும் சில காகங்கள். அப்புறம் காகங்களைக் காட்டாமல் அவள் முகத்திலேயே கேமரா நீண்ட நேரம் நிற்கிறது. குழந்தைகள் பாட்டை முடிக்காமல் சுற்றிச்சுற்றிப் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். பிறகு ஒரே ஒரு காகம் பறப்பதை அவள் கண்ணால் பின்தொடர, அது போய் உட்காரும் இடத்தில் கம்பிகள் கறுப்பாக மூடிக்கிடக்கின்றன. பயமுறுத்தும் சத்தம் ஒன்றுகூட இதில் இல்லை. அடுத்தது டான் ஃபாசெட்டின் அறை. கொக்கிகளில் தொங்கும் கோப்பைகளின் கைப்பிடிகள் மட்டும் மிஞ்சியிருப்பதைப் பார்க்கிறாள் லிடியா. பிறகு கண் தோண்டப்பட்ட உடலை மூன்று ஷாட்களில், ஒவ்வொன்றும் இன்னும் நெருக்கமாக, முழு மௌனத்தில் காட்டுகிறார்கள். அவள் வெளியே ஓடிவருகிறாள், வாய் திறந்திருக்கிறது, கத்தல் வரவில்லை. இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு பெரிய ‘டம்’ போடச் சொல்லித்தான் என்னிடம் கேட்பார்கள்.

தந்திரக் காட்சிகளைப் பற்றிச் சுருக்கமாக: டிஸ்னியில் இருந்த அப் ஐவர்க்ஸ் சோடியம் ஆவி விளக்கின் மஞ்சள் ஒளியை வைத்துப் பறவைகளைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுத்தார். நீலத்திரை முறையில் படபடக்கும் இறக்கையின் ஓரம் கெட்டுவிடும் என்பதால் இது தேவைப்பட்டது. பயிற்சி தந்த நிஜப் பறவைகளும் பொம்மைப் பறவைகளும் உண்டு. மெலனியைப் பறவைகள் சூழ்ந்து கொத்தும் மாடி அறைக் காட்சியில் இயந்திரப் பறவைகள் என்று சொல்லிவிட்டு நாட்கணக்கில் நிஜப் பறவைகளைத் தன்மேல் எறிந்தார்கள், கண்ணருகே காயம்பட்டது என்று மெலனியாக நடித்த டிப்பி ஹெட்ரன் சொல்லியிருக்கிறார். ஹிட்ச்காக் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தையும் 2016ல் வந்த தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்சியை வெறும் திறமையாக மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை. மெலனி எதற்காகத் தனியாக மாடிக்குப் போகிறாள் என்று ஹெட்ரன் கேட்டதற்கு, நான் போகச் சொல்வதால் என்று ஹிட்ச்காக் பதில் சொன்னாராம். காரணம் இல்லாமை சில இடங்களில் கலையாகவும் சில இடங்களில் வெறும் அதிகாரமாகவும் இருந்திருக்கிறது.

கடைசியாக முடிவு. முடிக்கத் தெரியாமல் விட்டார்களா என்ற சந்தேகத்துக்கு ஹண்டரின் திரைக்கதையே பதில். அதில் மெலனியும் மிட்ச்சின் குடும்பமும் தப்பிப் போகும் கார் ஊரைக் கடந்து போகும், தெருவெங்கும் அழிவு தெரியும், பறவைகள் துரத்திவந்து காரின் துணிக்கூரையைக் கிழிக்கும். எழுதிய அதை ஹிட்ச்காக் படமாக்கவில்லை. பறவைகள் மூடிய சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தோடு முடிக்கலாமா என்ற யோசனையும் இருந்து கைவிடப்பட்டது. நாம் பார்ப்பது, பறவைகள் உட்கார்ந்திருக்கும் நிலத்தின் நடுவே கார் மெல்ல நகரும் காட்சி. 32 தனித்தனி ஃபிலிம் துண்டுகளைச் சேர்த்து உண்டாக்கியது அது. அதற்கு முன் கார் வானொலி பக்கத்து ஊர்களிலும் சிறு தாக்குதல்கள் நடந்ததாகச் சொல்கிறது, ராணுவம் வரலாமா என்று பேச்சு இருக்கிறது என்கிறது. ஏன் என்று அதுவும் சொல்லவில்லை. மிட்ச்சின் தங்கை சிறுமி கேத்தி லவ்பேர்ட்ஸ் கூண்டையும் எடுத்துக்கொள்ளலாமா, அவை யாரையும் ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்கிறாள், எடுத்துக்கொள்கிறார்கள். இந்த இறுதிக்கு ஹிட்ச்காக் கேட்டது மின்னணு மௌனம்: தூரத்துக் கடலைப் போன்ற ஒரே சீரான மெல்லிய முனகல். நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், அது தெரியும். ‘முற்றும்’ என்ற எழுத்தும் வராது.

காரணம் சொன்ன படங்கள் வேண்டுமென்றால் அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் நிறைய வந்தன. ‘ஃப்ராக்ஸ்’ (1972) படத்தில் மாசுபாடு, ‘டே ஆஃப் தி அனிமல்ஸ்’ (1977) படத்தில் ஓசோன் படலம். காரணம் தெரிந்ததும் பயம் பாதியாகிவிடுவதை அவற்றில் நீங்களே பார்க்கலாம். போடேகா பேயின் கதை எப்படியாவது தொடர வேண்டும் என்று ஆசையிருந்தால் 1994ல் தொலைக்காட்சிக்காக எடுத்த ஒரு தொடர்ச்சியும் இருக்கிறது. அதன் இயக்குநர் தன் பெயரை எடுத்துவிட்டு, படத்தை மறுதலிக்கும் இயக்குநர்களுக்கென்றே ஹாலிவுட்டில் வைத்திருந்த ஆலன் ஸ்மித்தி என்ற பொய்ப்பெயரைப் போட்டுக்கொண்டார். அதற்குமேல் நான் பரிந்துரைக்க எதுவும் இல்லை.